ஆகாய மார்க்கமாகச் சென்ற கற்பூரம்

மனிதனின் வாய்ச்சொல்லுக்கு உண்மையான மரியாதை கொடுக்கும் இடம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது வரி இலாகா. வீட்டில் சொன்னால் மனைவி காதில் போட்டுக்கொள்வதில்லை. மேடையில் சொன்னால் மைக் பாதியில் செத்துப்போகும். கோயிலில் சொன்னால் கேட்பவர் கேட்பதோடு சரி, எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இலாகாவில் மட்டும் நீங்கள் இருமினால்கூட நான்கு பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, நாடா கட்டிப் பத்திரப்படுத்துவார்கள். அது எந்த வரி, எந்த இலாகா என்று இங்கே சொல்வதற்கில்லை. சொன்னால் அதுவும் ஒரு வாக்குமூலம் ஆகிவிடும்.

இந்த மரியாதை முழுவதையும் ஒரே நாளில் பெற்ற பாக்கியசாலி, திருவண்ணாமலை திருமஞ்சன கோபுரத் தெருவில் கற்பூரக் கடை வைத்திருந்த ஜியாவுல்லா.

மெட்ராஸிலிருந்து கட்டியாக வரும் கற்பூரத்தைத் தூளாக்கி, கைப்பிரஸ்ஸில் அழுத்தி வில்லையாக்கி, டப்பாவில் போட்டு விற்பது அவர் தொழில். பிரஸ் ஓட்டுவது கன்னியம்மாள். அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள். அண்ணாமலையாருக்கு ஏற்றும் கற்பூரம் பாய் கடையில் தயாராவதை உள்ளூரில் யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. 'பாய் வில்லை கரி பிடிக்காது' என்பதோடு அவர்கள் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

ஜியாவுல்லாவிடம் ஒரே ஒரு குறை. யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்த மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மணி என்ன என்று கேட்டால் கைக்கடிகாரம் வாங்கிய கதையில் ஆரம்பித்து, அதைப் பழுது பார்த்தவரின் குடும்பச் சிக்கல் வழியாக மணிக்கு வருவதற்குள் மணி மாறியிருக்கும். இதைத் தாங்கக்கூடிய ஒரே மனிதர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்த சின்னசாமி. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் தந்தி ஆபீஸில் காசு கட்டுகிறவர் போலப் பேசுவார். சாயங்காலமானால் கீழே இறங்கி வந்து கடை ஸ்டூலில் உட்காருவார். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பக்கத்திலும் புகார் கிடையாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அக்னி நட்சத்திரத்தில், மலை அடுப்புக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், இலாகா அதிகாரி சகாதேவன் இரண்டு சிப்பந்திகளோடும் ஒரு தராசோடும் கடைக்கு வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். கற்பூரத்தை நிறுத்தார். புத்தகத்தில் இருந்ததற்கும் தராசில் இருந்ததற்கும் நடுவே நாற்பத்திரண்டு கிலோ இல்லை.

"நான் தலையால அடிச்சிக்கினேன், மொளகு போட்டு வையுங்க பாய், மொளகு போட்டு வையுங்க பாய்னு" என்றாள் கன்னியம்மாள். "கேட்டாத்தானே."

"மொளகு விக்கற வெலையில..." என்று ஜியாவுல்லா ஆரம்பித்தார்.

"மிளகு எதுக்கு?" என்றார் சகாதேவன்.

"மொளகு போட்டா கற்பூரம் காத்துல கரையாதுங்க. எங்க வூட்ல சாமி மாடத்துல கூட அப்படித்தான்" என்றாள் கன்னியம்மாள்.

சகாதேவன் அதை எழுதவில்லை. சத்தியம் செய்யாமல் சொன்னது எதையும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. மாதிரிக்கு ஐந்து கிலோவை ஒரு பொட்டலமாகக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் சம்மன் வந்தது. நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவும்.

"போவாதீங்க" என்றாள் முன்னி பேகம். ஜியாவுல்லாவின் மனைவி. இருபத்தாறு வருஷமாக அவர் பேச்சைக் கேட்டு வாழ்பவள் என்பதால், அவர் எங்காவது போய்ப் பேசப்போகிறார் என்றாலே அவர் செருப்பை எடுத்து ஒளித்து வைப்பாள்.

வக்கீல் இராமலிங்கத்திடம் போனார்கள். அவர் சட்டத்தைத் தெளிவாக விளக்கினார். போகாமல் இருந்தால் அது குற்றம். போய், வாய் திறக்காமல் இருந்தால் அபராதம். பொய் சொன்னால் ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே.

"உண்மைய சொன்னா?"

"அது என்னான்னு பொறுத்திருந்துதான் பாக்கணும்" என்றார் வக்கீல்.

நம் கோயிலுக்கும் நான்கு கோபுர வாசல். எதில் நுழைந்தாலும் சுவாமி சன்னதிதான். சட்டம் இயற்றியவர்கள் ஒருமுறையாவது கிழக்கு வாசலில் தேங்காய் உடைத்திருக்க வேண்டும்.

ஜியாவுல்லாவுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே சர்க்கார் ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. போளூர் ரோட்டில் இருந்த அந்த ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டார்.

சகாதேவன் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க பாய். டீ சொல்லட்டுமா? ஒண்ணும் பயந்துக்காதீங்க. உங்க மேல எந்தக் குத்தமும் கிடையாது. சும்மா ரெண்டு கேள்வி."

"அதுக்கென்ன சார், பத்து கேள்வி கேளுங்க. வக்கீல் சார் வெளிய நிக்கறாரு, உள்ள கூப்டுக்கட்டுமா?"

"வக்கீல் எதுக்கு? இது ஆபீஸு. கோர்ட்டா என்ன?"

ஜியாவுல்லாவுக்கு அது நியாயமாகப் பட்டது. டீ வந்தது. சகாதேவன் பேனா மூடியைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். உண்மை மட்டும்தான் பேசணும். பொய் சொன்னா ஜெயிலு. ஏன்னா சட்டப்படி இந்த ரூம் இப்ப கோர்ட்டு."

ஜியாவுல்லா தலையைத் தூக்கிப் பார்த்தார். அதே மின்விசிறி, அதே காலண்டர். வக்கீல் வருவதற்கு ஆபீஸாகவும், பொய் சொல்வதற்குக் கோர்ட்டாகவும் ஒரே அறையை உபயோகிக்கும் சிக்கனத்தை அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நாப்பத்திரண்டு கிலோ எங்க போச்சு?"

"காத்துல போச்சு சார்."

சகாதேவன் இங்கிலீஷில் எழுதினார். அவருக்குத் தமிழ் தெரியும். இலாகாவுக்குத் தெரியாது. 'ரிமூவ்டு பை ஏர்' என்று எழுதினார்.

"யாருக்குப் போச்சு?"

"யாருக்குன்னு சொல்றது? எல்லாம் மேல இருக்கறவருக்குத்தான் போய்ச் சேந்துது."

"மேல இருக்கறவருக்கா?" பேனா ஒரு கணம் நின்றது.

"ஆமா சார். கொளுத்தினாலும் அவருக்குத்தான், கொளுத்தாம போனாலும் அவருக்குத்தான். அவருக்குத் தெரியாம ஒரு வில்லை போவுமா? நாமெல்லாம் யாரு சார், சும்மா நடுவுல நிக்கற ஆளு."

சகாதேவன் வேகமாக எழுதினார். மாடியில் வசிப்பவர். அவருக்குத் தெரிந்தே. தாம் ஓர் இடைத்தரகர் மட்டுமே.

"இதெல்லாம் சத்தியமா?"

"அல்லா மேல சத்தியம். உங்களுக்கு அதுல நம்பிக்கை கம்மியா இருந்தா, ஊர் வழக்கப்படி கற்பூரம் அணைச்சே சொல்றேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார். டீ வந்த தட்டில் வைத்துக் கொளுத்தினார். சுடர் எழுந்தது. சகாதேவன் அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜியாவுல்லா உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, "நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல" என்றார்.

சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அதையும் எழுதினார்.

ஏழு பக்கம் வந்தது. முழுவதையும் இங்கிலீஷில் படித்துக் காட்டினார். இங்கிலீஷ் தெரியாத ஜியாவுல்லா, கச்சேரிக்குத் தலையாட்டுவது போல, தடுத்து நிறுத்த வேண்டிய இடங்களில்கூடத் தலையாட்டினார். ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே நின்ற வக்கீலிடம், "ரொம்ப நல்ல மனுஷன் சார். நான் சொன்னதுல ஒரு வார்த்தைய தள்ளல" என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

அடுத்த வாரம் சின்னசாமிக்குச் சம்மன் வந்தது. சின்னசாமி போனார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஒத்துழைக்க மறுத்ததற்காக இருநூறு ரூபாய் அபராதம் போட்டார்கள். எண்ணிக் கொடுத்துவிட்டு, "ரசீது" என்றார். அன்று அவர் பேசிய மொத்தப் பேச்சு அதுதான்.

இரண்டு மாதம் கழித்துக் கிரிமினல் வழக்கு வந்தது. கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். முதல் எதிரி ஜியாவுல்லா. இரண்டாம் எதிரி சின்னசாமி. குற்றங்கள் மூன்று. ஒன்று, வரி கட்டாத நாற்பத்திரண்டு கிலோ கற்பூரத்தை ஆகாய மார்க்கமாக அப்புறப்படுத்தியது. இரண்டு, இதற்காக மாடியில் வசிக்கும், சரக்குப் போக்குவரத்தில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரோடு கூட்டுச்சதி செய்தது. மூன்று, வரி கட்டாத வில்லை ஒன்றை, விசாரணை அதிகாரியின் கண் முன்னாலேயே, துணிச்சலாக எரித்து ஒழித்தது.

சின்னசாமி காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"பாய். இதென்ன?"

ஜியாவுல்லா வாயைத் திறந்தார். மேலே இருக்கிறவர் என்றது அவரையல்ல, அவருக்கும் மேலே இருக்கிறவரை என்று சொல்ல வந்தார். அதற்குள் சின்னசாமி திரும்பி ஏறிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து சாயங்கால ஸ்டூல் காலியாக இருந்தது. வழக்கைவிட அந்த ஸ்டூல்தான் ஜியாவுல்லாவை அதிகம் உறுத்தியது. கன்னியம்மாளிடம் அதை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு அவரே எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டார்.

வக்கீல் இராமலிங்கம் அரசியல் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"இங்க பாருங்க பாய். குத்தம் சாட்டப்பட்ட எவனையும், அவனுக்கு எதிரா அவனையே சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அடிப்படை உரிமை."

"அல்ஹம்துலில்லா! அப்ப கேஸு முடிஞ்சுதா?"

"இல்ல. நீங்க அத சொன்னப்ப குத்தம் சாட்டப்பட்டவரா இல்ல. விருந்தாளி."

"எப்ப சாட்டப்பட்டேன்?"

"சொன்னதுக்கு அப்புறம். நீங்க சொன்னத வெச்சித்தானே சாட்டினாங்க."

"அப்ப இப்ப எனக்கு அந்த உரிமை இருக்குதா?"

"பேஷா இருக்குது. இனிமே ஒரு வார்த்தை பேச வேணாம். பிரதம மந்திரியே வந்தாலும் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது."

"இனிமே பேசறதுக்கு என்ன சார் மிச்சம் இருக்குது?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள் நம் ஜனங்கள். அரசியல் சட்டத்தில் அதற்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருப்பது நமக்கெல்லாம் பெருமை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். போலீஸ்காரரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் வரி அதிகாரி போலீஸ்காரர் அல்ல. ஆகவே அவரிடம் சொன்னது செல்லும். இதைக் கேட்டுவிட்டு எழுந்து போன ஜியாவுல்லா நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"ஏட்டய்யா, நான் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கணும்."

ஏட்டு சாப்பாட்டுக்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "எந்தக் கேஸு?"

"கற்பூரக் கேஸு. அங்க சொன்னதயே ஒரு எழுத்து மாறாம இங்கயும் சொல்லிடறேன். இங்க சொன்னா செல்லாதாமே? அங்க சொன்னதோட இதையும் சேத்துட்டா அதுவும் செல்லாம போவுமான்னு ஒரு நப்பாசை."

ஏட்டின் முகம் கறுத்துவிட்டது. "யோவ் பாய், முப்பது வருஷ சர்வீஸு. எங்கிட்ட சொன்னா செல்லாதுன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றியா?"

"சட்டம் அப்படின்னு வக்கீல் சார்..."

"அங்க ஒன்ன அடிச்சாங்களா?"

"இல்லீங்க. டீ குடுத்தாங்க."

 ஏட்டு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு டீ. பதினஞ்சு பைசா. அது செல்லுது. நாங்க உசுரக் குடுத்து வாங்கறது குப்பைக்குப் போவுது. போ பாய், போ. எனக்கு மனசே சரியில்ல."

எண்பதாம் வருஷம் வழக்கு விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் வாக்குமூலத்தை, கோர்ட் மொழிபெயர்ப்பாளர் திரும்பத் தமிழாக்கிய வடிவத்தில், கணீரென்று வாசித்தார். சரக்கு ஆகாய மார்க்கமாக அகற்றப்பட்டது என்ற இடத்தில் மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார்.

"திருவண்ணாமலையில விமான நிலையம் இருக்கா?"

"இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே. இல்லாத ஊரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதிலிருந்தே சதியின் ஆழம் புலப்படும்."

எதிரி தரப்புச் சாட்சியாகக் கன்னியம்மாள் கூண்டில் ஏறினாள். கற்பூரம் திறந்து வைத்தால் சீக்கிரம் போகும், மூடி வைத்தால் மெதுவாகப் போகும், மிளகு போட்டால் கொஞ்ச நாள் நிற்கும் என்று சொன்னாள்.

"விஞ்ஞானம் படிச்சிருக்கீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"இல்லீங்க. வில்லை போடறேன்."

"அப்ப இது உங்க அபிப்பிராயம்தானே?"

"அபிப்பிராயம் இல்லீங்க. மூக்குல வருது."

பிறகு சாட்சிப் பொருள் வந்தது. சகாதேவன் அரக்கு முத்திரை வைத்து எடுத்துப் போன ஐந்து கிலோ பொட்டலம். பதினான்கு மாதம் இலாகாவிலும் கோர்ட் பண்டக அறையிலுமாக இருந்தது. முத்திரை மூன்றும் அப்படியே இருந்தன. பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே மொச்சைக்கொட்டை அளவு நான்கு துண்டு இருந்தது. வாசனை மட்டும் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் எழுந்து கோர்ட்டை நிறைத்தது. பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கோர்ட் சேவகரான டவாலி, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இராமலிங்கம் துள்ளி எழுந்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு சாட்சி கிடைத்ததில்லை. சகாதேவனைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"உங்க முத்திரை. உங்க பொட்டலம். அஞ்சு கிலோ எங்க போச்சு?"

"கா..." என்று ஆரம்பித்த சகாதேவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கோர்ட் முழுவதும் காத்திருந்தது. அவர் ஜியாவுல்லாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார்.

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சிப் பொருள் கரையலாம். வாக்குமூலம் கரையவில்லை. அது ஏழு பக்கமும் முழுசாக இருக்கிறது. தவிர, இந்த ஐந்து கிலோ எப்படிப் போனது என்று எதிரி எந்த வாக்குமூலமும் கொடுக்கவில்லை. ஆகவே அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."

தீர்ப்பு நாளன்று முன்னி பேகம் கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாள். சின்னசாமி தள்ளி, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றார்.

மாஜிஸ்திரேட் நல்லவர். இரவெல்லாம் யோசித்திருந்தது முகத்தில் தெரிந்தது. கற்பூரம் காற்றில் கரையும் என்பதைத் தாம் தனிப்பட்ட முறையில் அறிந்திருப்பதாகவும், தம் வீட்டு டப்பாவிலும் மிளகு உண்டு என்றும், ஆனால் நீதிபதி தனிப்பட்ட முறையில் அறிந்ததைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் வாசித்தார். இரண்டாம் எதிரி எதுவுமே சொல்லாத காரணத்தால் அவருக்கு எதிராக எதுவுமே இல்லை என்றும், அவரை விடுதலை செய்வதாகவும் வாசித்தார். முதல் எதிரி குற்றவாளி. தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விருப்பமா?

இராமலிங்கம் எழுந்தார். "என் கட்சிக்காரர் கூப்பிட்ட அன்றைக்கே போனார். எதையும் மறைக்கவில்லை. ஆரம்பம் முதல் இலாகாவுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்தார். அதைக் கனம் கோர்ட்டார் கருணையோடு..."

"ரொம்ப வாஸ்தவம்" என்று மாஜிஸ்திரேட் தலையசைத்தார். "அவர் ஒத்துழைக்காம இருந்திருந்தா இந்த வழக்குல சாட்சியமே கிடையாது. அத இந்தக் கோர்ட்டு மனசாரப் பாராட்டுது."

கோர்ட்டில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழுந்தது. ஜியாவுல்லா எழுந்து சலாம் வைத்தார்.

"மூணு மாசம்" என்றார் மாஜிஸ்திரேட்.

வேலூர் ஜெயிலில் பார்வையாளர் நாளன்று ஜியாவுல்லாவைப் பார்க்க யார் வந்தது தெரியுமா? சின்னசாமி. ரயில் ஏறி வந்திருந்தார். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஜியாவுல்லா வந்து நின்றார். பேசவில்லை. வார்டர் ஒருவர் நோட்டும் கையுமாக நின்றதால் இருக்கலாம். சின்னசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு பேசினார். கடையை முன்னி பேகம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், கன்னியம்மாள் மூட்டை மிளகு வாங்கிக் கொட்டியிருக்கிறாள், சாயங்காலம் நான் கல்லாவில் உட்காருகிறேன், கூட்டம் ஜாஸ்தி, ஒரு குரங்கு வந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தின்று பார்த்துத் துப்பிவிட்டது. கொடுத்த இருபது நிமிஷமும் பேசினார். அவர் பேசி அவரே அவ்வளவு கேட்டதில்லை. நேரம் முடிந்ததும் ஜியாவுல்லா கம்பிக்குள் இரண்டு விரலை நுழைத்தார். சின்னசாமி அதைப் பிடித்துக்கொண்டார்.

விடுதலையாகி வந்த ஜியாவுல்லாவைப் பார்த்து ஊர் அசந்துபோயிற்று. இலாகா செய்த சேவை அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. எந்த வைத்தியராலும் தீராத வாய் தீர்ந்துவிட்டது. யாராவது மணி கேட்டால் மணிக்கூண்டு இருக்கும் திசையைக் காட்டினார். நல்ல வில்லை எது என்று கேட்டால் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஒரு நாள் முன்னி பேகம் சோறு போட்டுவிட்டு, "குழம்புல உப்பு கம்மியா?" என்று கேட்டாள். அவர் கையை எடுத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கற?"

அன்று அடுப்படிக்குள் போய் அவள் அழுதாள்.

எண்பத்தொன்று பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அந்தத் தெருவுக்கு வந்தவள் முனிசிபல் பள்ளிக்கூடத்து டீச்சர் கஸ்தூரி. தோளில் பை, கையில் அட்டை வைத்த படிவம், வெயிலில் வாடின முகம். முன்னி பேகம் மோர் கொடுத்தாள். டீச்சர் குடித்துவிட்டு ஜியாவுல்லாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடும்பத் தலைவர் பேரு சொல்லுங்க பாய்."

ஜியாவுல்லா சுவரைப் பார்த்தார். சுவரில் காலண்டர் இருந்தது.

"வயசு? தொழில்? எத்தனை ரூமு?"

காலண்டர்.

"இது சர்க்கார் கணக்கு பாய். சொல்லித்தான் ஆவணும். சொல்லலைன்னா அபராதம், தப்பா சொன்னாலும் குத்தம்."

ஜியாவுல்லா எழுந்தார். ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மாட்டினார். "வக்கீலுக்கு ஆள் அனுப்பு" என்றார் மனைவியிடம். "மாத்து லுங்கி ரெண்டு எடுத்து வை."

டீச்சர் பதறிப்போனாள். "ஐயையோ, எங்க கெளம்பறீங்க? பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்றத நாங்க யாருக்கும் காட்ட மாட்டோம். இத எடுத்துப் போயி உங்க மேல கோர்ட்ல சாட்சியா வைக்க முடியாது. சட்டத்துலயே அப்படிப் போட்டிருக்குது. எங்களுக்கு வகுப்பு எடுத்தப்ப சொன்னாங்க."

ஜியாவுல்லா ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"கட்டாயமா பதில் வாங்கற எடத்துல, அந்தப் பதிலையே அவங்களுக்கு எதிரா திருப்பினா அப்புறம் யாரு பாய் உண்மைய சொல்லுவாங்க? அதுக்குத்தான் அந்தச் சட்டம்."

"எந்த ஊரு சட்டம்மா அது?"

"எந்த ஊரா? நம்ம சர்க்கார் போட்டதுதான். சுதந்திரம் வந்த மறு வருஷமே போட்டுட்டாங்க."

ஜியாவுல்லா மெல்ல உட்கார்ந்தார். டீச்சரின் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இப்படி ஒரு சட்டம் எழுத அவங்களுக்குத் தெரியாம இல்ல" என்றார்.